எரர் வந்த கார்டில் கை வைக்காதீர்கள்

வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் வந்துவிட்டால் ஈரோடு, கோபி, பெருந்துறைப் பக்கம் கேமரா பிடிக்கத் தெரிந்த பையன்கள் எல்லோருக்கும் வேலை இருக்கும். கல்லூரி முடித்த கையோடு ஒரு கேமரா பாடியும் ஒரு 50 எம்எம் லென்ஸும் வாங்கிக்கொண்டு செகண்ட் கேமராவுக்கு வந்துவிடுகிறார்கள். ஃப்ரேம் வைப்பது, லைட்டிங் எல்லாம் எங்கள் வயதுக்காரர்களைவிட நன்றாகவே வருகிறது. படம் பதியும் மெமரி கார்டு விஷயத்தில் மட்டும் நாங்கள் விழுந்த குழியிலேயே வரிசையாக வந்து விழுகிறார்கள்.

பேட்டரி சார்ஜ் போட மறப்பது, கார்டே இல்லாமல் மண்டபத்துக்கு வந்து நிற்பது, இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டால் ஆயுசுக்கும் மறக்காது.

கார்டின் மேல் இருக்கும் பெரிய எண்ணை நம்புவது

கொட்டை எழுத்தில் 170, 200 என்று போட்டிருப்பது பெரும்பாலும் கார்டிலிருந்து படிக்கும் வேகம். கம்ப்யூட்டரில் காப்பி போடும்போதுதான் அது உதவும். அதிலும் முழு வேகம் எல்லா ரீடரிலும் கிடைக்காது. ஷூட்டில் நமக்கு வேண்டியது எழுதும் வேகம். வீடியோ எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வி எண்ணை. வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி விடாமல் எழுதும், வி60 என்றால் 60. கேமரா மெனுவில் 100, 200 என்று வருவது மெகாபிட் கணக்கு. எட்டால் வகுத்தால்தான் எம்பி. 200 மெகாபிட் வீடியோவுக்கு நொடிக்கு 25 எம்பி, அதற்கு வி30 போதும். 400க்குப் போனால் 50 எம்பி, அங்கே வி60 வேண்டும். இந்த வகுத்தலைப் போடாமல் வி90 கார்டுக்குக் காசைக் கொட்டியவர்களும் உண்டு, சாதாரண கார்டைப் போட்டுவிட்டு ரெக்கார்டிங் பாதியில் நிற்கிறது என்று கேமராவைத் திட்டுகிறவர்களும் உண்டு.

பாதி விலைக்குக் கிடைக்கும் 128 ஜிபி கார்டு இன்னொரு வம்பு. போலி கார்டில் உள்ளே இருப்பது 8 அல்லது 16 ஜிபியாக இருக்கும். அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப் மட்டும் 128 என்று பொய் சொல்லும். உண்மையான கொள்ளளவு தீர்ந்த பிறகும் கேமரா எந்தப் புகாரும் சொல்லாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். ஃபைல் பெயர்கள் இருக்கும், உள்ளே படம் இருக்காது. கார்டு வாங்கிய அன்றே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருளைப் போட்டு, கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படிக்க வைத்துப் பாருங்கள். நேரம் பிடிக்கும். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் போதும்.

எரர் வந்த கார்டிலேயே வேலையைத் தொடர்வது

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இதற்காகத்தான்.

பெருந்துறை ரோட்டில் ஒரு மண்டபம். ராத்திரி ரிசப்ஷன் முடிந்து, விடிவதற்கு முன்பே சீர்கள் ஆரம்பித்துவிட்டன. நான் பெண் வீட்டார் பக்கம், செகண்ட் கேமராப் பையன் மாப்பிள்ளை பக்கம். சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் மாப்பிள்ளையின் அக்காவைக் கூப்பிட்டு இணைச்சீருக்கு உட்காரவைத்த நேரத்தில் பையனுடைய கேமராவில் கார்டைப் படிக்க முடியவில்லை என்று வந்திருக்கிறது. ஆஃப் செய்து ஆன் செய்திருக்கிறான். சரியாகிவிட்டது. நாலு படம் எடுத்ததும் மறுபடி அதே எரர். மறுபடி ஆஃப், ஆன். இப்படியே தாலி கட்டி முடிகிற வரைக்கும் அதே கார்டில் ஓட்டியிருக்கிறான்.

காலை டிஃபனுக்குப் பிறகு லேப்டாப்பில் போட்டால், டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டிருக்கிறது. ஓகே கொடுத்துவிட்டான். கார்டு காலி. பதறிப்போய் போனில் தேடி ஒரு ரெகவரி மென்பொருளை இறக்கி ஓட்டியிருக்கிறான். மீட்ட படங்களை எங்கே சேமிப்பது என்று அது கேட்டதற்கு அந்தக் கார்டையே காட்டியிருக்கிறான். அதற்கப்புறம்தான் என்னிடம் வந்தான். "அண்ணா, கார்டு ஒருக்கா எரர் காட்டுச்சுங்ணா. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனேன், சரியாயிருச்சுங்ணா" என்று ஆரம்பித்தபோதே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கார்டு போனதில் எனக்குக் கோபம் இல்லை. கார்டு என்றால் போகத்தான் செய்யும். அவன் சட்டைப் பையில் காலி கார்டுகள் இருந்தன என்பதுதான் இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் கை தானாக நின்றுவிடும். கார்டில் படம் ஓரிடத்தில் இருக்கும், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் இன்னோரிடத்தில் இருக்கும். முதலில் கெடுவது பெரும்பாலும் பட்டியல்தான். ஈரோட்டு மஞ்சள் குடோனில் இருப்புப் பேரேடு கிழிந்துபோனால் மூட்டைகள் காணாமல் போய்விடுவதில்லை, எது யாருடைய மூட்டை என்றுதான் தெரியாது. ஆனால் அந்த நேரத்தில் குடோன் காலி என்று நினைத்துப் புது லோடை இறக்கினால்? கார்டில் அந்தப் புது லோடு பழைய மூட்டையின் மேலேயே இறங்கும். அவன் எரருக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு படமும் முன்பு எடுத்த ஏதோ ஒன்றின் மேல் எழுதப்பட்டிருக்கலாம். விண்டோஸின் குயிக் ஃபார்மேட் பட்டியலை மட்டும்தான் புதிதாகப் போடும், அதோடு விட்டிருந்தால்கூடப் பெரும்பகுதியை மீட்டிருக்கலாம். குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுத்தால் கதை முடிந்தது. விஸ்டா வந்த காலத்திலிருந்து அது கார்டு முழுக்கச் சுழியம் எழுதிவிடுகிறது. மீட்ட படங்களை அதே கார்டில் சேமித்ததோ, இன்னும் மீட்க வேண்டியவற்றின் மேல் மண் அள்ளிப் போட்ட வேலை.

கடைசியில் ரிசப்ஷன் படங்கள் கணிசமாக வந்தன. இணைச்சீரில் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை. ஒரு ஃபைல் திறந்தது: அக்காவின் நெற்றி வரை படம், அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். ஆல்பத்துக்குப் படம் பொறுக்க வந்த அன்று அந்த அக்கா, "ஏனுங்ணா, வந்தவங்க அத்தன பேரையும் எடுத்திருக்கறீங்க, என்ற போட்டோ ஒண்ணுகூட இல்லீங்களே" என்றார். மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளைப் பெருமைப்படுத்தவென்றே இருக்கிற சீர் அது. ரீடேக் கேட்க முடியுமா?

சரி, எரர் வந்தால் என்ன செய்ய வேண்டும்? கேமராவை ஆஃப் செய்யுங்கள். கார்டில் எழுதும்போது எரியும் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். எஸ்டி கார்டு என்றால், மேலே எதுவும் எழுதாமல் தடுக்க ஓரத்தில் இருக்கும் லாக்கைக் கீழே தள்ளித் தனி உறையில் போடுங்கள். இன்னொரு கார்டைப் போட்டு வேலையைத் தொடருங்கள். அரை நிமிஷத்து வேலை. புதுக் கார்டிலும் அதே எரர் வந்தால் கோளாறு பெரும்பாலும் கார்டில் இல்லை, அதைச் செருகும் ஸ்லாட்டில். அப்போது பாடியை மாற்ற வேண்டும். அந்த லாக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அது வெறும் பிளாஸ்டிக் துண்டு, கார்டுக்குள் எந்த இணைப்பும் கிடையாது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து மதிக்க வேண்டியது கேமராவும் ரீடரும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு கார்டை லேப்டாப்பில் போட்டால் விண்டோஸ் இரண்டில் ஒன்று கேட்கும், ஃபார்மேட் செய்யட்டுமா, அல்லது ஸ்கேன் செய்து சரிசெய்யட்டுமா என்று. இரண்டுக்கும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். சரிசெய்கிறேன் என்று போய் அது உங்கள் படங்களை வாயில் நுழையாத பெயரில் துண்டு துண்டான ஃபைல்களாக்கி வைக்கும். முதல் வேலை, கார்டு முழுவதையும் அப்படியே ஒரே இமேஜ் ஃபைலாக ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுப்பது. மீட்கும் வேலையை எல்லாம் அந்த நகலில் செய்யுங்கள். சாகக் கிடக்கிற கார்டைத் திரும்பத் திரும்பப் படித்தால் இருப்பதும் போகும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு ஃபைலும் எப்படித் தொடங்கும் என்ற அடையாளத்தை வைத்துத் தேடும். கார்டில் எதையும் எழுதாது. பழைய ஃபைல் பெயர்கள் போய்விடும், அதனால் என்ன. வீடியோ மட்டும் இவ்வளவு சுலபமாக வராது. ரெக்கார்டிங் நடக்கும்போதே பேட்டரி தீர்ந்து திறக்காமல் போன வீடியோவை, அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்துச் சரிசெய்யும் மென்பொருள்கள் உண்டு. அதனால் திறக்காத ஃபைல் என்று அழித்துவிடாதீர்கள்.

ரீடரில் போட்டால் கார்டே தெரியவில்லை என்றால் எந்த மென்பொருளும் உதவாது. டேட்டா ரெகவரி லேபுக்குத்தான் கொடுக்க வேண்டும். அங்கேயும் உறுதி சொல்ல மாட்டார்கள், செலவும் சின்னதல்ல.

எழுதும் விளக்கு எரியும்போது மூடியைத் திறப்பது

திறக்காதீர்கள்.

இரண்டு ஸ்லாட் இருந்தும் ஓவர்ஃப்ளோவில் விட்டுவைப்பது

பல கேமராக்களில் இதுதான் கம்பெனி செட்டிங். முதல் கார்டு நிறைந்தால் இரண்டாவதுக்குப் போகும், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு வேண்டியது பேக்கப், அதாவது ஒரே படம் இரண்டு கார்டிலும் விழ வேண்டும். மேலே சொன்ன பையனின் கேமராவிலும் இரண்டு ஸ்லாட் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேக்கப் வைத்தால் கேமரா திணறுகிறது என்பார்கள். உண்மைதான். எடுத்த படங்கள் கார்டுக்குப் போகும்வரை காத்திருக்கும் பஃபர், இரண்டில் மெதுவான கார்டின் வேகத்துக்குத்தான் காலியாகும். சில பாடிகளில் இரண்டு ஸ்லாட்டும் ஒரே வேகமும் இல்லை. சோனி ஏ7 மார்க் 3இல் முதல் ஸ்லாட் மட்டும்தான் யுஹெச்எஸ் 2 என்ற வேகமான வகை. கேனன் 5டி மார்க் 3இல் சிஎஃப் கார்டு ஸ்லாட் வேகமாக இருக்கும், பக்கத்தில் இருக்கும் எஸ்டி ஸ்லாட் நகரவே நகராது. அப்படிப்பட்ட பாடியில் ஒன்றில் சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ரா, இன்னொன்றில் சுருக்கிய ஜேபெக் என்று பிரித்துவிடுங்கள். ஜேபெக்காவது மிஞ்சும். ஆல்பத்துக்கு அது தாராளம்.

கார்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் அழிப்பது

கேமரா தனக்கென்று ஃபோல்டர், எண் வரிசை, சிலவற்றில் ஒரு டேட்டாபேஸ் எல்லாம் வைத்திருக்கும். சோனியில் இமேஜ் டேட்டாபேஸ் எரர் என்று வருவது பெரும்பாலும் யாரோ லேப்டாப்பில் எதையோ அழித்ததால். கார்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், மெனுவிலேயே டேட்டாபேஸை மீட்கும் வழி இருக்கிறது. ஒரு கேமராவின் கார்டை எடுத்து ஃபார்மேட் போடாமல் இன்னொரு கம்பெனி கேமராவில் செருகுவதும் இதே கணக்குதான்.

எல்லாவற்றுக்கும் வெயிலைக் குறை சொல்வது

மே மாதத்தில் கரூர் பரமத்திப் பக்கம் அவுட்டோர் ஷூட் வைத்தால் கேமரா சூடாகி நிற்கத்தான் செய்யும். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 40 டிகிரி வரைதான் உத்தரவாதம், அங்கே அது நிழலிலேயே வந்துவிடும். ஆனால் நல்ல கம்பெனி எஸ்டி கார்டுகள் 85 டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். கார்டுக்கு முன்னால் கேமராதான் மயங்கி விழும். வெயிலைவிட நான் பயப்படுவது ஈரத்துக்கு. ஊட்டியில் காலை ஷூட்டை முடித்துவிட்டு மேட்டுப்பாளையம் இறங்கியதும் காரை நிறுத்தி, இளநீர்க் கடை வாசலில் பையைத் திறந்து படம் பார்க்கிறார்கள். குளிர்ந்த பாடியின் மேல் கீழ்நாட்டுக் காற்று பட்டதும் வெளியே மட்டுமல்ல, ஸ்லாட்டுக்குள்ளும் வேர்க்கும். பை மூடியபடியே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

மணமேடையில் லென்ஸ் மாற்றுவது

அட்சதை, சாம்பிராணிப் புகை, பேப்பர் பிளாஸ்ட். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் சென்சார் வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். அறைக்குள் போய் மாற்றுங்கள்.

சின்னப் படத்தைப் பார்த்துவிட்டு ஃபார்மேட் போடுவது

அடுத்தடுத்து முகூர்த்தம் இருக்கும் வாரத்தில் நடப்பது இது. மண்டபத்திலேயே காப்பி போட்டு, ஃபோல்டரைத் திறந்து, வரிசையாகச் சின்னப் படங்கள் தெரிகின்றனவா என்று ஒரு பார்வை, உடனே ஃபார்மேட். அந்தச் சின்னப் படம் ஃபைலின் தலைப்பகுதியில் தனியாகப் பொதிந்திருப்பது. உள்ளே முழுப்படம் பாதி போயிருந்தாலும் அது பளிச்சென்று தெரியும். அக்காவின் அந்த ஃபைலிலும் சின்னப் படத்தில் அவர் முழுதாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ஃபைல் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பாருங்கள். முடிந்தால் நகலை மூலத்தோடு சரிபார்க்கும் காப்பி மென்பொருளைப் பயன்படுத்துங்கள். ஆங்காங்கே சில படங்களைப் பெரிதாகத் திறந்து பாருங்கள். இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் இருக்க வேண்டும், ஒரே டிஸ்க்கில் இரண்டு ஃபோல்டர் என்பது பேக்கப் ஆகாது. ஒன்று ஸ்டுடியோவில் இருந்தால் இன்னொன்று வீட்டில் இருக்கட்டும்.

எடுத்து முடித்த கார்டை உறையில் கவிழ்த்துப் போடுங்கள், காலி கார்டை நிமிர்த்தி. எங்கள் பையன்கள் எல்லோருக்கும் இதே பழக்கம்தான், இருட்டில் மாறிப்போகாது. ஃபார்மேட்டை அடுத்த ஷூட் அன்று காலையில், எந்தக் கேமராவில் போடப்போகிறீர்களோ அதிலேயே செய்துகொள்ளலாம். அதற்குள் மறுபடி முகூர்த்தம் வந்துவிட்டது, கார்டு போதவில்லை என்றால் இன்னும் ரெண்டு கார்டு வாங்குங்கள். ஒரு ஆல்பத்தின் அட்டை விலைகூட வராது.