ஓடும் நீரில் டாஃப்னியா: அது கலக்கும் நீரைப் படம்பிடிப்பது எப்படி

2 மி.மீ. நீளமுள்ள நன்னீர் நுண்ணுயிரியான டாஃப்னியா (நீர்த்தெள்ளு) தன்னைச் சுற்றியுள்ள நீரை எப்படித் தள்ளுகிறது என்று பார்க்க, நீரில் நுண்மணிகளைக் கலந்து, தகடுபோல் விரித்த, 1 மி.மீ.க்கும் மெல்லிய லேசர் ஒளியில் அவை ஃபிரேமுக்கு ஃபிரேம் நகர்வதை அளக்கிறோம். பி.ஐ.வி. (Particle Image Velocimetry, துகள்களின் படத்திலிருந்து வேகம் அளத்தல்) முறை இதுதான்.

முதலில் ஒளி. பச்சை லேசர் வசதிதான், ஆனால் டாஃப்னியாவுக்கு அது தெரியும். ஒளியை நோக்கியோ விலகியோ நீந்தத் தொடங்கிவிடும். 808 நானோமீட்டர் அகச்சிவப்பே மேல். அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி இல்லாத கருப்பு வெள்ளைக் கேமரா வேண்டும். இந்த ஒளி கூசாது, கண் தானாக மூடாது. அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடியைக் கண்ணில் அணியாமல் லேசரை இயக்கவே கூடாது.

பம்பை நேராக இணைத்தால் அதன் துடிப்பு அளவீட்டில் ஏறிவிடும். வழிந்தோடும் குழாய் வைத்த மேல்தொட்டியிலிருந்து நீர் தானாக இறங்கட்டும். டாஃப்னியாவை விடும் வாய்க்காலின் தலைப்பில் 6 மி.மீ. ஸ்ட்ராக்களை 6 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, இடைவெளியின்றி அடுக்குங்கள்; சுழிப்பு அடங்கும். அகலம் 40 மி.மீ.க்குக் குறைந்தால் சுவரின் இழுப்பு கலந்துவிடும். டாஃப்னியா வளர்ந்த நீரையே வடிகட்டி, ஓர் இரவு அறையில் வைத்துவிட்டு ஊற்றினால் குமிழி ஒட்டாது.

நுண்மணிக்கு 10 மைக்ரோமீட்டர் உள்ளீடற்ற கண்ணாடி மணி போதும். அடர்த்தி நீரைப்போல் 1.1 மடங்கு என்றால் வினாடிக்குச் சுமார் 5 மைக்ரோமீட்டர்தான் மூழ்கும். மென்பொருள் படத்தை 32×32 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும்; ஒரு கட்டத்துக்கு 6 முதல் 10 மணிகள் தெரியும்வரை சிறிது சிறிதாகச் சேருங்கள். டாஃப்னியா இவற்றை உணவென்று விழுங்கும். அதனால் எல்லாம் தயாரான பிறகே அதை விடுங்கள்.

கணக்கு இது: ஒரு பிக்சலுக்கு 10 மைக்ரோமீட்டர், ஓட்டம் வினாடிக்கு 10 மி.மீ. என்றால் மணி வினாடிக்கு 1000 பிக்சல் நகரும். ஒரு ஃபிரேமில் கட்டத்தின் கால்பங்கை, அதாவது 8 பிக்சலைத் தாண்டக் கூடாது. ஆக வினாடிக்கு 125 ஃபிரேமாவது தேவை. டாஃப்னியா நீந்த உணர்கொம்பை வீசும் இடத்தில் நீர் இன்னும் விரையும், 500 வைப்பதே நல்லது. எக்ஸ்போஷர் அரை மில்லிவினாடிக்குள் இருக்கட்டும். மணி ஒரே பிக்சலில் அடங்கினால் அளவுகள் முழு எண்களிலேயே ஒட்டிக்கொள்ளும். லென்ஸ் துளையைக் குறுக்கி மணியின் பிம்பத்தை 2–3 பிக்சலாக்குங்கள்.

மென்பொருளுக்கு ஓப்பன்பிஐவி இலவசம். விலங்கின் உடலை மறைத்துவிட்டுக் கணக்கிடுங்கள். உடலுக்குப் பின்னால் விழும் நிழலில் மணிகள் தெரியாது, மென்பொருளோ அங்கேயும் நீரோட்டத்தைக் காட்டும் அம்புகளை நிரப்பிவிடும், அவற்றை நம்பாதீர்கள். எதிர்ச்சுவரில் ஒரு கண்ணாடி வைத்து ஒளியைத் திருப்பினால் நிழல் பெரும்பாலும் போய்விடும்.

விலங்கை விடுவதற்கு முன்பே வெறும் ஓட்டத்தைப் படம்பிடித்துச் சராசரி எடுத்து வையுங்கள். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதே டாஃப்னியாவின் வேலை. அதுவும் லேசர் தகடு உடலின் நடுவே சென்ற ஃபிரேம்களில் மட்டும். அதைச் சரிபார்க்க மேலிருந்து இன்னொரு கேமரா வேண்டும்.