குதிரையை பைக் ஆக்கிவிடாதீர்கள்

நெல்லைச் சீமையில் குதிரை பழக்கும் ஒரு பெண்ணை வைத்துச் சரித்திர நாவல் எழுதப்போகிறீர்களா? முதலில் சறுக்குவது தூரத்தில்தான். என் முதல் வரைவில் நாயகி பொழுது சாய மதுரையில் குதிரை ஏறி, கோழி கூவ நெல்லையில் இறங்கினாள். கிட்டத்தட்ட 160 கிலோமீட்டர்! முழுப் பாய்ச்சலைக் குதிரை சில கிலோமீட்டர்தான் தாங்கும். மறுநாளும் அதே குதிரை வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டரே பெரிது. வழியில் மூன்று இரவாவது தங்க விடுங்கள். தங்குகிற ஊரில் கதையும் வளரும்.

அடுத்தது துறைமுகம். 13-ஆம் நூற்றாண்டுக் கதையில் அரபுக் குதிரைகளைத் தூத்துக்குடியில் இறக்காதீர்கள். அந்த ஊர் தலையெடுத்தது போர்ச்சுகீசியர் காலத்தில். 13-ஆம் நூற்றாண்டில் குதிரை இறங்கியது தாமிரபரணி முகத்திலிருந்த காயல் என்ற துறைமுகத்தில். ஆற்று மண் சேர்ந்து சேர்ந்து கடல் விலகிப்போனதால், இன்றைய பழையகாயலைப் பார்த்துவிட்டு அன்றைய கரையை எழுத முடியாது.

பலரும் கோட்டை விடுவது வில்லனில். கெட்ட இளவரசன் எதற்கு? பாண்டிய நாட்டு அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சாது என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். வளர்க்கத் தெரியாததுதான் காரணமாம். லாடம் கட்டுகிறவர்களை வணிகர்கள் இந்தப் பக்கம் வரவே விடுவதில்லையாம். வெளியூர்க்காரர், கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். இருக்கட்டும். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை? அதைச் சாகவிடாமல் காக்கத் தெரிந்த ஒருத்தியை வணிகர்கள் சும்மா விடுவார்களா?

அவள் கண்ணைப் பார்த்ததும் முரட்டுக் குதிரை அடங்கியது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் இருப்பது குதிரைக்குத் தெரியாது. அதனால் அவள் இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே வரவேண்டும். காது பின்னால் மடிந்தால் அப்படியே நிற்கவேண்டும். அவித்த காணம் (கொள்ளு) உள்ளங்கையில் இருக்கிறது; குதிரை மோந்து பார்க்கிறது, தின்னவில்லை. அன்றைக்கு அவ்வளவுதான். கழுத்தைத் தொட நாலு நாள் ஆகட்டும்.

திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் காடான குதிரைமொழித் தேரியின் பெயரில் மயங்கி அங்கே பந்தயம் விடவும் வேண்டாம். கால் புதைகிற செம்மணலில் இளங்குதிரையை விரட்டினால் நரம்பு பிசகும்.

அப்புறம் ஒரு சில்லறை விஷயம்: காயல் காலத்தில் இந்தப் பக்கம் மிளகாயே கிடையாது. அவள் அம்மா அம்மியில் வைக்கவேண்டியது மிளகு.