ஆசியவியல் மாநாட்டுக்கும் ஆய்விதழுக்கும் அனுப்புமுன்: காவிரி டெல்டா ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலோ, கும்பகோணம் அரசுக் கல்லூரியிலோ ஆய்வு செய்பவருக்கு மூலச்சான்று டவுன் பஸ் போகும் தூரத்தில் இருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டு, சரசுவதி மகால் சுவடி, மராட்டியர் காலத்து மோடி எழுத்தில் உள்ள ஆவணம், தரங்கம்பாடிக் கோட்டை என எல்லாமே பக்கம். இவற்றைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வந்து மாதக்கணக்கில் தங்குகிறார்கள். அப்படியிருந்தும் இங்கிருந்து போகும் ஆய்வுச் சுருக்கங்கள் பல முதல் சுற்றிலேயே கழிந்துவிடுகின்றன. பெரும்பாலும் அதற்குக் காரணம் திருத்தக்கூடிய சில பழக்கங்கள்தான்.

கடைசித் தேதி

நம் கல்லூரிக் கருத்தரங்குகள் ஜனவரி முதல் மார்ச் வரை குவியும். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் ஒதுக்கிய பணத்தை அதற்குள் செலவழித்தாக வேண்டும். அறிவிப்பு வந்த ஒரே மாதத்தில் கருத்தரங்கு நடந்து முடிந்துவிடும். இந்தக் கணக்கிலேயே பழகியவர்கள் பன்னாட்டு மாநாடுகளைக் கோட்டைவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஆசியவியல் சங்கம் ஆண்டு மாநாட்டை மார்ச் வாக்கில் நடத்துகிறது. அதற்கான விண்ணப்பமோ முந்தைய ஆண்டு ஜூலை இறுதி, ஆகஸ்ட் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். ஆடிப்பெருக்கு வரும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது. விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் நடக்கும் தெற்காசிய மாநாடு அக்டோபரில். அதற்கும் பல மாதம் முன்பே அழைப்பு முடிந்துவிடும்.

ஐரோப்பியத் தெற்காசியவியல் மாநாடு இரண்டாண்டுக்கு ஒருமுறை. அதில் முதலில் அமர்வுகளுக்கு, அதாவது ஒரே கேள்வியை ஒட்டிப் பல கட்டுரைகள் சேரும் குழுக்களுக்கு, அழைப்பு விடுவார்கள். தேர்வான அமர்வுகளின் பட்டியல் வெளியான பிறகே கட்டுரைகளுக்கு அழைப்பு வரும். கட்டுரை எந்த அமர்வில் பொருந்தும் என்று பார்க்காமல் பொதுவாக எழுதி அனுப்பினால் அமர்வை நடத்துபவர் ஒதுக்கிவிடுவார். அவருடைய அழைப்புக் குறிப்பில் உள்ள கேள்வி எதுவோ, அதற்கு உங்கள் சான்று என்ன விடை சொல்கிறது என்பது சுருக்கத்தின் முதல் மூன்று வரிக்குள் தெரிய வேண்டும். அமெரிக்க மாநாட்டில் தனிக் கட்டுரையைவிட மூன்று நான்கு பேர் சேர்ந்து தரும் அமர்வுக்கே வாய்ப்பு அதிகம். ஒரே துறையின் நான்கு மாணவர்கள் சேர்வது பலவீனமான அமர்வு. திருவாரூரிலிருந்து ஒருவர், புதுச்சேரியிலிருந்து ஒருவர், ஜாவாவையோ இலங்கையையோ ஆய்பவர் ஒருவர் என்று சேர்ந்தால் ஆசியவியல் என்ற சொல்லுக்கே அப்போதுதான் பொருள் வரும்.

நேரத்தையும் கவனியுங்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஆகஸ்ட் 1 மாலை 5 மணி என்றால் நமக்கு அது ஆகஸ்ட் 2 அதிகாலை 2.30. குளிர்காலத்தில் அதுவே 3.30 ஆகும். ஜெர்மனி, நெதர்லாந்து நேரத்துக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி, குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம். கடைசி இரவு வரை இழுக்காதீர்கள். விண்ணப்பத் தளத்தில் உறுப்பினர் பதிவு, மின்னஞ்சல் சரிபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகே சுருக்கத்தை ஏற்ற முடியும்.

250 சொல்லில் வீணாகும் 100 சொல்

சுருக்கத்துக்குப் பெரும்பாலும் 250 சொல்தான் இடம். அதில் முதல் நூறு சொல்லைச் சோழர் பெருமைக்கும் தமிழின் தொன்மைக்கும் கொடுத்துவிடுவதுதான் நாம் செய்வதிலேயே பெரிய தவறு. மதிப்பிடுபவருக்கு ராஜராஜன் யார் என்று தெரியும். தெரியாவிட்டாலும், அவர் தேடுவது நீங்கள் எதைக் கேட்கிறீர்கள், எதை வைத்து விடை சொல்கிறீர்கள் என்பதைத்தான். கேள்விக்கு 40 சொல், சான்றுக்கு 60, வாதத்துக்கு 90, இது மற்ற வட்டாரத்தை ஆய்பவருக்கு ஏன் வேண்டும் என்பதற்கு 60 என்று முதலில் பிரித்துக்கொண்டு எழுதிப் பாருங்கள்.

நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தை எடுத்துக்கொள்வோம். சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜய நாட்டு அரசன் கட்டத் தொடங்கிய அந்தப் பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்ததைப் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போனதால் அப்பெயர் பெற்ற பெரிய லெய்டன் செப்பேடு சொல்கிறது. ‘இது சோழரின் சமயப் பொறையைக் காட்டுகிறது’ என்று எழுதினால் பலர் எழுதிய முடிவையே திரும்ப எழுதுகிறீர்கள். அதே செப்பேட்டில் வடமொழிப் பகுதி 5 ஏடு, தமிழ்ப் பகுதி 16 ஏடு. வடமொழிப் பகுதி அரசர் வழியைப் பாடுகிறது. தமிழ்ப் பகுதி ஊரெல்லையை விரிவாக அடுக்குகிறது. அந்த எல்லையில் வரும் ஊர்ப்பெயர், வாய்க்கால் பெயரில் இன்றும் வழங்குபவை எவை? அவற்றை வருவாய்த்துறை வரைபடத்தில் வைத்தால் பள்ளிக்குப் போன நிலம் எந்த வாய்க்கால் பாய்ச்சலில் இருந்தது? இந்தக் கேள்வியை வயல் வரப்பில் நடந்து பார்க்கக்கூடியவர் நீங்கள். லெய்டனில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. சுமத்ராவை ஆய்பவருக்கோ, வெளியூர் அரசன் எழுப்பிய பள்ளிக்கு உள்ளூர் நிலம் எப்படிப் பிரித்துக் கொடுக்கப்பட்டது என்பது நேரடியாகத் தேவைப்படும் செய்தி.

பிரமதேயம் (பிராமணருக்குக் கொடுத்த ஊர்), வளநாடு (சோழர் கால நிர்வாகப் பிரிவு), தேவதானம் (கோயிலுக்குக் கொடுத்த நிலம்) போன்ற சொற்களை விளக்கமில்லாமல் விட்டுவிடுவதும் பரவலான பிழை. மதிப்பீட்டுக் குழுவில் கொரியாவை ஆய்பவரும் இருக்கலாம். முதல் முறை வரும் இடத்திலேயே ஐந்தாறு சொல்லில் பொருளைச் சொல்லிவிடுங்கள்.

ஆட்சியாண்டும் மேற்கோளும்

ஆட்சியாண்டைப் பொது ஆண்டாக்கும்போது நேராகக் கூட்டிவிடுகிறார்கள். ராஜராஜன் ஆட்சியேறியது 985, எனவே 21-ஆம் ஆண்டு 1006 என்று எழுதுவது தவறு. முதல் ஆண்டே 985-86 என்பதால் 21-ஆம் ஆண்டு 1005-06 ஆகும். இந்த ஓராண்டுப் பிழை அட்டவணையில் ஏறிவிட்டால் கட்டுரை முழுவதையும் சந்தேகிக்க வைக்கும். பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக்குடம் கொடுத்தது 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாள். 25-ஆம் ஆண்டு 1009-10. அவன் ஆட்சியேறிய நாள் 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் என்று கணித்திருப்பதால், 275-ஆம் நாள் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் நடுவில் விழும். 985-உடன் 25-ஐக் கூட்டினாலும் 1010 வரும். ஆனால் அது தற்செயலாகப் பொருந்துவது. 25-ஆம் ஆண்டின் முதல் மாதத்தில் வெட்டிய கல்வெட்டுக்கு அதே கூட்டல் பிழையாகிவிடும்.

மேற்கோளில் ஒரு நேர்மை வேண்டும். பெரிய கோயில் பணிக்கு அமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியலைச் சொல்ல வருகிறீர்கள் என்றால் தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 66 என்று மூலத்தையே காட்டுங்கள். பிறர் நூலில் படித்ததை மூலத்திலிருந்து எடுத்ததுபோல் காட்டக் கூடாது. கல்வெட்டு ஆண்டறிக்கையில் இருப்பது இரண்டு மூன்று வரிச் சுருக்கம் மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ‘கல்வெட்டு இப்படிக் கூறுகிறது’ என்று எழுதியவர்கள், பிற்பாடு முழு வாசகம் அச்சானபோது தடுமாறியிருக்கிறார்கள். கோயிலுக்கே போய்ப் படிக்கும்போது கல் இருக்கும் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்: எந்தச் சுவர், எந்தத் திசை, தரையிலிருந்து எத்தனையாவது வரிசை. திருப்பணியில் கற்கள் இடம் மாறி, வரிகள் துண்டுபட்டுக் கிடக்கும் கோயில்கள் டெல்டாவில் நிறைய.

ஆவணக் காப்பகங்களில் தேடும்போது பழைய பெயரால் தேட வேண்டும். டென்மார்க்குக்காரர்கள் 1620-இல் வந்த தரங்கம்பாடியும், 1706-இல் ஜெர்மன் சமயப் பணியாளர் சீகன்பால்க் இறங்கிய தரங்கம்பாடியும் கோபன்ஹேகன், ஹாலே காப்பகங்களில் டிராங்கிபார் என்ற பெயரிலேயே இருக்கின்றன. இன்றைய பெயரை மட்டும் தட்டிவிட்டு ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எழுத்துப்பெயர்ப்பில் ஒரே முறையைக் கடைசிவரை பிடியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறையில் ளகரத்துக்கு ஆங்கில ‘எல்’ அடியில் புள்ளி, ழகரத்துக்கு அதே எழுத்தின் அடியில் கோடு. றகரம், னகரத்துக்கும் அடிக்கோடுதான். ஒரு பக்கத்தில் கோடு போட்ட சோழரும் அடுத்த பக்கத்தில் நாளிதழ் எழுத்துக்கூட்டல் சோழரும் வந்தால் மெய்ப்பு பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். தமிழ் மேற்கோள்களை பாமினி, வானவில் எழுத்துருவில் அனுப்பவே கூடாது. இதழாசிரியர்கள் கணினியில் அது ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் திறக்கும். யூனிகோடுக்கு மாற்றி, கூடவே ஒரு பி.டி.எஃப். படியும் இணைத்துவிடுங்கள்.

தொகுப்பில் போய்ப் புதையும் நல்ல கட்டுரை

இது மனத்தை வருத்துகிற விஷயம். நம் கருத்தரங்குகள் பலவற்றில் பதிவுக் கட்டணத்துடன் முழுக் கட்டுரையையும் முன்கூட்டியே வாங்கி, ஐம்பது அறுபது கட்டுரைகளை ஒரே தொகுப்பாக அச்சிட்டு, தொடக்க விழாவன்றே வெளியிடுகிறார்கள். யாரும் மதிப்பிடுவதில்லை, திருத்துவதில்லை. ஐந்தாண்டு உழைப்பில் கண்டுபிடித்த ஒரு செய்தி ஆறு பக்கத்தில் அடங்கி, நூலகத்துக்கும் போகாமல் கட்டுக்கட்டாகத் துறை அலமாரியில் கிடக்கும். அதே கட்டுரையைப் பிறகு நல்ல ஆய்விதழுக்கு அனுப்பினால் ‘ஏற்கெனவே வெளியானது’ என்று மறுத்துவிடுவார்கள். மறைத்து அனுப்பினால் அது ஒழுங்கீனம். எனவே தொகுப்புக்கு ஒரு கல்வெட்டு, ஒரு ஊர் என்று சிறிய பகுதியைக் கொடுங்கள். முழு வாதத்தையும் 8,000 முதல் 10,000 சொல் வரை விரித்து ஆய்விதழுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும்தான் அனுப்ப வேண்டும். பதில் வர மாதங்கள் ஆகும்.

‘யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்ற இதழ்’ என்று இன்னும் துண்டறிக்கை வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. இதழ்களுக்கு வைத்திருந்த கேர் பட்டியலே 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுக்குமுன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022 நெறிமுறை நீக்கிவிட்டது. உங்கள் பல்கலைக்கழகம் தனியாக விதி வைத்திருக்கிறதா என்று மட்டும் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம். இரண்டே நாளில் ஏற்புக் கடிதம், தமிழும் வேதியியலும் ஒரே இதழில், மதிப்பீட்டுக் குறிப்பு ஒரு வரிகூட இல்லாதது என்றால் விலகிவிடுங்கள்.

இதழ்களை அடையாளம் காட்டும் எட்டு இலக்க ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரச் சான்று ஆகாது. ஆனால் போலி எண்ணைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். அமெரிக்கச் சங்கத்தின் ஆசியவியல் ஆய்விதழின் எண் 0021-9118. முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டினால் 58. அதை 11 ஆல் வகுத்தால் மீதி 3. பதினொன்றில் மூன்று போக 8. கடைசி இலக்கமும் 8. மீதி 0 என்றால் கடைசியில் 0 வரும், மீதி 1 என்றால் எக்ஸ் என்ற எழுத்து வரும். கணக்கு ஒத்துவராத எண் பொய் எண். ஒத்துவந்தாலும் அது வேறோர் இதழிடமிருந்து திருடியதா என்று ஐ.எஸ்.எஸ்.என். தளத்தில் பெயரைப் பொருத்திப் பாருங்கள்.

படம், பேச்சு, பெயர்

அச்சில் 12 செ.மீ. அகலம் வர வேண்டிய படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் சுமார் 1,420 பிக்சல் அகலம் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள். கோயில் படம், சுவடிப் படம் எதுவானாலும் வெளியிடும் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே கட்டுரையில் சேருங்கள்.

இருபது நிமிடப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் 2,400 சொல்லுக்குமேல் போகாது. முப்பது பக்கத்தை எடுத்துப்போய் நடுவில் தாள்களைத் தள்ளித் தள்ளிப் படித்தால் முடிவைச் சொல்லும் முன்பே மணி அடித்துவிடும்.

பெயரை ஓரிடத்தில் ‘ச. முருகன்’, இன்னோரிடத்தில் ‘முருகன் ச.’, மூன்றாவதில் ‘முருகன் சண்முகம்’ என்று கொடுத்தால் தேடுபொறிக்கு நீங்கள் மூன்று பேர். ஒன்றைத் தேர்ந்து, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணையும் பெற்று எல்லா இடத்திலும் அதையே கொடுங்கள். அழைப்புக் கடிதத்தில் மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, முதலெழுத்து விரிந்திருந்தால் விரிவாகவே, பெயர் இருக்கும்படி கேட்டு வாங்குங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுக்கச் சென்னை போய்வர ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு, கடிதம் கைக்கு வந்த வாரமே நேரம் பதிவு செய்துவிடுங்கள்.