யாரும் தொடாத டேட்டாபேஸ் எது? எஸ்க்யூஎல் சர்வரில் கண்டுபிடிக்கும் வழி

கிண்டியில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் ஒரே எஸ்க்யூஎல் சர்வரில் (டேட்டாபேஸ்களை வைத்து நடத்தும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) அறுபதுக்கும் மேல் டேட்டாபேஸ்கள் சேர்ந்துவிட்டன. எது எதற்கென்று தெரிந்தவர்களில் பாதிப் பேர் வேலை மாறிப் போய்விட்டார்கள், டிஸ்க்கோ நிரம்பி வழிகிறது. அப்போது நாங்கள் செய்ததை, முதல் தடவை இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சர்வர் கடைசியாக எப்போது ரீஸ்டார்ட் ஆனது என்று பாருங்கள். எந்த டேபிளை எப்போது படித்தார்கள், எப்போது எழுதினார்கள் என்ற கணக்கை எஸ்க்யூஎல் சர்வர் மெமரியில்தான் வைத்திருக்கிறது, சர்வீஸ் நின்று எழுந்தால் அத்தனையும் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் கரண்ட் போய் சர்வரை அணைத்து வைத்தோம். திரும்பப் போட்டதும் பார்த்தால் தினமும் ஓடும் டேட்டாபேஸ்கூட யாருமே தொடாதது மாதிரி காட்டியது. ரீஸ்டார்ட் ஆன நேரம் தெரிய, எஸ்க்யூஎல் சர்வரை நிர்வகிக்கும் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ புரோகிராமில் டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸ் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் 'டேட் கிரியேட்டட்' பாருங்கள். சர்வீஸ் எழும் ஒவ்வொரு முறையும் டெம்ப்டிபி புதிதாக உருவாகும் என்பதால் அந்தத் தேதிதான் உங்கள் கணக்கு தொடங்கிய நாள். டேட்டாபேஸின் தரவு இருக்கும் எம்டிஎஃப் ஃபைலின் மாடிஃபைட் தேதியை மட்டும் நம்பாதீர்கள், உள்ளே தினமும் எழுதிக்கொண்டிருந்தாலும் அது பழைய தேதியையே காட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்து குவெரி, அதாவது சர்வரிடம் கேட்கும் கேள்வி. கணக்கு இருக்கும் வியூவின் (டேபிள் மாதிரியே படிக்கலாம்) பெயர் சிஸ்.டிஎம்_டிபி_இன்டெக்ஸ்_யூசேஜ்_ஸ்டாட்ஸ். அதில் 'லாஸ்ட் யூசர்' என்று தொடங்கும் நான்கு காலம்கள் உண்டு: சீக், ஸ்கேன், லுக்கப் (இந்த மூன்றும் படித்தது), அப்டேட் (எழுதியது). ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் இந்த நான்கிலும் மிகச் சமீபத்திய தேதியை எடுக்க வேண்டும். இங்கேதான் கவனம் வேண்டும். ரீஸ்டார்டுக்கு அப்புறம் யாரும் தொடாத டேட்டாபேஸுக்கு இந்த வியூவில் ஒரு வரிகூட இருக்காது! அதனால் எல்லா டேட்டாபேஸ்களின் பெயரும் இருக்கும் சிஸ்.டேட்டாபேஸஸை இடப்பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் (ஜோடி இல்லாத இடப்பக்க வரியையும் விடாமல் காட்டுவது) போடுங்கள், சாதாரண ஜாயின் போட்டால் நீங்கள் தேடுவதே லிஸ்டிலிருந்து காணாமல் போய்விடும். மாஸ்டர், மாடல் போன்ற சிஸ்டம் டேட்டாபேஸ்களை விலக்க, ஐடி 4க்கு மேல் இருப்பதை மட்டும் எடுங்கள். இந்தக் குவெரியை ஓட்ட 'வியூ சர்வர் ஸ்டேட்' என்ற பெர்மிஷன் வேண்டும்.

இதை ஒரு தடவை ஓட்டிவிட்டு முடிவெடுக்காதீர்கள். ஒரு டேபிள் உருவாக்கி, ஏஜென்ட் ஜாப் (குறித்த நேரத்தில் எஸ்க்யூஎல் சர்வர் தானே ஓட்டும் வேலை) மூலம் மணிக்கொரு தரம் ரிசல்ட்டை அதில் சேமியுங்கள், அப்புறம் சர்வர் ரீஸ்டார்ட் ஆனாலும் கவலையில்லை. எக்ஸ்பிரஸ் எடிஷனில் ஏஜென்ட் கிடையாது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலர் போதும்.

எத்தனை நாள் சேமிப்பது? மூன்று மாதம் என்று பலர் சொல்வார்கள், நான் ஒரு வருஷம் என்பேன். எங்கள் சர்வரில் ஒரு சபாவின் டிக்கெட் டேட்டாபேஸ் இருக்கிறது. பொங்கலுக்கு அப்புறம் அதன் பக்கம் ஈ, காக்கா எட்டிப் பார்க்காது. நவம்பர் கடைசியில் மார்கழி சீசனுக்கு விற்பனை தொடங்கினால் ராத்திரி பகலாக ஓடும். ஜூன் மாதக் கணக்கை மட்டும் பார்த்து அதை அழித்திருந்தால் அத்தனை ரசிகர்களுக்கும் என்ன பதில் சொல்வது?

சரி, சந்தேக லிஸ்ட் வந்துவிட்டது. முதலில் சம்பந்தப்பட்டவர்களிடம் கேளுங்கள். அப்புறம் முழு பேக்கப் எடுத்து, வேறொரு சர்வரில் ரீஸ்டோர் செய்து, டேபிள்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் டிராப் (அழிப்பது) வேண்டாம், ஆஃப்லைன் (யாரும் திறக்க முடியாதபடி நிறுத்தி வைப்பது) மட்டும் செய்யுங்கள். ஃபைல்கள் டிஸ்கில் அப்படியே இருக்கும், யாராவது கேட்டால் ஒரு நிமிஷத்தில் ஆன்லைன் கொண்டுவரலாம். ஆஃப்லைனில் இருக்கும்போது எந்த அப்ளிகேஷனாவது தேடி வந்தால், 18456 என்ற எண்ணோடு எரர் லாகில் லாகின் தோல்வி பதிவாகும், வந்த மெஷினின் ஐபியும் அதிலேயே இருக்கும். எங்களுக்கு அப்படித்தான் ஒரு பழைய ரிப்போர்ட் மெஷின் சிக்கியது.

ஒரு மாதம் யாரும் கேட்கவில்லை, லாகிலும் எதுவும் இல்லை என்றால் டிராப் செய்யுங்கள். பேக்கப் ஃபைலின் பெயரிலேயே தேதியையும், சரி என்று சொன்னவர் பெயரையும் சேர்த்து வையுங்கள்.