ஜாங்கோவில் ஏழு மாடல்களுக்கு ஒரே நேரப் பதிவு

சிராங்கூன் சாலை பக்கம் ஒரு டியூஷன் மையத்துக்கு, பைத்தானில் வலைச்செயலி எழுத உதவும் ஜாங்கோவில் பதிவேடு எழுதிக் கொடுத்திருந்தேன். மாணவர், ஆசிரியர், கட்டணம், வருகை என்று ஏழு மாடல்கள்; ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸில் ஒரு டேபிள். “எந்த விவரம் கடைசியாக எப்போ மாறுச்சுன்னு தெரியணும் தம்பி” என்று அங்கே கணக்கு பார்க்கும் அக்கா கேட்டார். ஏழு இடத்திலும் நேரத்தைப் பதியும் ஒரே வரியை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை.

தாய் கிளாஸ் ஒன்றை எழுதி, சேவ் ஆகும்போதெல்லாம் நேரத்தைத் தானே பதியும் ‘ஆட்டோ நவ்’ போட்ட டேட்டைம் ஃபீல்டை அதில் வைத்தேன். ஏழு மாடல்களையும் அதன் கீழ் கொண்டுவந்தேன். டேபிள் மாற்றங்களுக்கான மைக்ரேஷனைத் தயாரிக்கும் மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளையை ஓட்டியதும், நான் எழுதவே எழுதாத, ‘பிடிஆர்’ என்று முடியும் ஒரு ஃபீல்டுக்கு டீஃபால்ட் மதிப்பு கேட்டது. அங்கேயே நிறுத்தினேன். ஜாங்கோ தாய் கிளாஸுக்கும் தனி டேபிள் போட்டு, ஒவ்வொரு மாடலையும் அதோடு இணைக்கப் பார்த்திருக்கிறது. விட்டிருந்தால், எதைப் படித்தாலும் இரண்டு டேபிளையும் சேர்த்துப் படிக்கும் ஒரு ஜாயின்.

தாய் கிளாஸின் அமைப்புகளை எழுதும் மெட்டாவில் ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ என்பதை ட்ரூ ஆக்கினேன், தீர்ந்தது. தனி டேபிள் இல்லை. அந்தந்த டேபிளிலேயே ஒரு நெடுவரிசை சேர்ந்தது. பழைய பதிவுகளுக்கு மைக்ரேஷன் ஓடிய நேரமே விழும், அதை அக்காவிடம் முன்பே சொல்லிவிட்டேன்.

அப்புறம் இன்னொன்று. கட்டணத்தை மொத்தமாக மாற்றும் இடத்தில் நேரம் நகரவே இல்லை. பல பதிவுகளை ஒரேயடியாக மாற்றும் க்வெரிசெட்டின் அப்டேட், சேவ் மெத்தடைக் கூப்பிடாது. அதனால் ஆட்டோ நவ் வேலை செய்யாது. அந்த அப்டேட்டிலேயே நேரத்தையும் நானே சேர்த்துக் கொடுத்தேன்.