‘ழ’ வடிவ முறுக்கு: பிள்ளைகளோடு சமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் மாறுநேர வேலை பார்ப்பதால் சனிக்கிழமைக் காலைகள் பெரும்பாலும் எனக்கு வாய்த்துவிடும். மகனுக்கு நான்கு வயதானபோது அவனை அடுக்களைக்குள் அழைத்துக்கொண்டேன். இப்போது அவனுக்குப் பதினான்கு, மகளுக்குப் பதினொன்று. ஆயிர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் சில பெற்றோர்களும் அண்மைக் காலமாகத் தங்கள் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்து சமைக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது பத்தாண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்க்கிறேன். நான் இடறிய அதே கல்லில்தான் அவர்களும் இடறுகிறார்கள்.

கை கழுவச் சொல்லுங்கள், அடுப்பருகே தனியே விடாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

தீபாவளிக்கு முதல் நாள் தொடங்குவது

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி நெருங்கும்போது யாராவது ஒருவர் என்னிடம் சொல்வார்: “இந்த முறை பிள்ளைகளையும் முறுக்குப் பிழிய உட்கார வைக்கப்போகிறேன்.” கேட்டதுமே எனக்குக் கோபம் வரும். ஆசை நல்ல ஆசைதான். நாள்தான் தவறு.

நானும் அந்தத் தவறைச் செய்தவன்தான். அப்போது என் மகன் தொடக்கப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். மறுநாள் எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. சொந்தக்காரர்கள், என்னோடு வேலை செய்யும் மலாய், சீன நண்பர்கள் என்று நாற்பது பேராவது வருவார்கள். மூன்று கிலோ அரிசி மாவு பிசைந்து வைத்திருந்தேன். அம்மாவின் பழைய மர முறுக்கு உரலை அவன் கையில் கொடுத்துத் தாளின்மேல் பிழியச் சொன்னேன். பொரிப்பது என் வேலை.

முறுக்கு மாவு கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்தால் எண்ணெயைக் குடித்துவிடும். கெட்டி மாவை அழுத்த எட்டு வயதுக் கைக்கு வலு போதாது. ஓரிடத்தில் பலத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினால் மாவு தடித்து விழும். கை ஓய்ந்தால் நூலாக இழையும். ஒரே முறுக்கில் தடிமனும் மெல்லிசும் இருந்தால் என்ன ஆகும்? மெல்லிய பக்கம் கறுத்துவிடும், தடித்த பக்கம் உள்ளே வேகாமல் மென்மையாக நிற்கும். முதல் ஈட்டிலேயே அது நடந்தது. இரண்டாம் ஈட்டிலும் நடந்தது. எனக்குக் குரல் உயர்ந்தது.

போதாக்குறைக்கு அவன் வட்டமாகச் சுற்றாமல் எழுத்துகளாகப் பிழியத் தொடங்கியிருந்தான். அ, க, ம. பிறகு பள்ளியில் ஆசிரியை பலமுறை உச்சரிக்கச் சொல்லிக்கொடுத்த ழ. அந்த ழவின் சுழியை நான்கு முறை அழித்து, நான்கு முறை பிழிந்தான். மணி பத்தானதும் போய்த் தூங்கச் சொல்லிவிட்டேன். அவன் பிழிந்து தாளில் வைத்திருந்த அத்தனையையும் உருட்டி, மறுபடி உரலில் இட்டு, வட்ட முறுக்குகளாகப் பிழிந்து பொரித்தேன். நள்ளிரவைத் தாண்டியிருந்தாலும் ஒரே அளவு, ஒரே நிறமாக இருந்த முறுக்குகளைப் பார்த்தபோது நிம்மதியாக இருந்தது.

காலையில் எண்ணெய்க் குளியல் முடித்த ஈரத்தலையோடு அவன் ஒவ்வொரு டின்னாகத் திறந்து பார்த்தான். எதையும் கேட்கவில்லை. கடைசி டின்னை மூடிவிட்டு, “நாற்பத்தொன்று செய்தேன்” என்று மட்டும் சொன்னான். எண்ணி வைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டு அவன் அடுக்களைக்குள் வரவில்லை. கூப்பிட்டால், “நீங்களே செய்யுங்கள் அப்பா” என்பான். நான்கு வயதிலிருந்து சேர்த்துவைத்ததை ஒரே இரவில் கெடுத்தேன். பண்டிகை முடிந்து அந்த வட்ட முறுக்குகளில் பாதி நமுத்துப்போய்க் குப்பைக்குத்தான் போயின.

விருந்தினர் தட்டுக்குப் போகவேண்டிய பண்டத்தைப் பிள்ளையின் பயிற்சிக்குக் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் நீங்கள் அவன் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள். பண்டத்தையும் கடிகாரத்தையும்தான் பார்ப்பீர்கள். யாரும் எதிர்பார்க்காத ஒரு சனிக்கிழமையில் தொடங்குங்கள். கால் கிலோ மாவு போதும். அதையும் சற்றுத் தளர்வாகவே பிசையுங்கள்; கொஞ்சம் எண்ணெய் குடித்தால் குடிக்கட்டும். பண்டிகைக்கே சேர்த்துக்கொண்டுதான் ஆகவேண்டும் என்றால், அவன் பங்கு மாவை முதலிலேயே தனியாக எடுத்துவைத்து, அவன் பெயர் எழுதிய டின் ஒன்றையும் கொடுத்துவிடுங்கள். கறுத்தது, உடைந்தது, வேகாமல் நின்றது எல்லாம் அந்த டின்னுக்குள் போகட்டும். நீங்கள் அதைத் தொடாதீர்கள்.

எடுபிடி வேலை மட்டும் கொடுப்பது

வெங்காயம் உரி, தண்ணீர் எடுத்து வா, கரண்டியைக் கொடு. இதையே செய்துகொண்டிருந்தால் எந்தப் பிள்ளைக்கும் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். சமையலில் சுவையான பகுதி பதம் பார்ப்பதுதான். அதைப் பெரியவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொள்கிறார்கள்.

மகனை நான் திரும்ப அழைத்தது பதம் பார்க்கத்தான். எண்ணெயில் விழுந்த முறுக்கிலிருந்து ஈரம் ஆவியாகி வெளியேறும்போது சலசலவென்று குமிழி விடும். ஈரம் குறையக் குறையச் சத்தமும் அடங்கும். அதுதான் எடுக்கும் நேரம். அவனை அடுப்பைப் பார்க்காமல் வாசற்படியருகே நிற்கவைத்து, கேட்டு மட்டும் சொல்லச் சொன்னேன். முதல் ஈட்டில் அவசரப்பட்டான். மூன்றாவது ஈட்டில் அவன் “அப்பா, இப்போது” என்றபோது எண்ணெயைப் பார்த்தேன், சரியாக இருந்தது. அவன் முகம் மலர்ந்ததை இன்னும் மறக்கவில்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு, உள்ளே வெல்லம் வைத்து வேகவைக்கும் ஒண்டே ஒண்டே என்ற மாவுருண்டை மிகவும் தோது. எங்கள் வட்டாரத்தில் மலாய்க்காரர்கள் அதைப் புவா மெலாகா என்பார்கள். பூலுட் எனும் ஒட்டரிசி மாவு 200 கிராம், பண்டான் எனும் வாசனை இலை அரைத்து வடித்த சாறு ஏறக்குறைய 160 மில்லி. சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உள்ளே வைக்கும் குலா மெலாகா எனும் பனைவகை வெல்லம் வேர்க்கடலை அளவுக்கு மேல் போனால் ஓரம் பிளந்து வெல்லம் நீரில் கரைந்துவிடும். கொழுக்கட்டை பிடிக்கத் தெரிந்த வீட்டுக்கு இது புதிதே அல்ல. கொதிநீரில் போட்ட உருண்டை முதலில் அடியில் கிடக்கும், வெந்ததும் தானாக மேலே மிதந்து வரும். மிதந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு எடுத்து, உப்புச் சேர்த்த தேங்காய்த் துருவலில் புரட்டலாம். எது வெந்தது என்று ஐந்து வயதுப் பிள்ளையே எட்ட நின்று சொல்லிவிடும், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: உள்ளே உருகிய வெல்லம் நாக்கைச் சுட்டுவிடும். ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள்.

மழுங்கிய கத்தி

வழுக்கும். கூரான சிறு கத்தி கொடுத்துப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

சுட்ட இடத்தில் கிச்சாப் தடவுவது

ஒரு முறை சூடான தோசைக்கல்லில் மகளின் விரல் பட்டுவிட்டது. நான் குழாயைத் திறப்பதற்குள் வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா கிச்சாப் எனும் சோயாச் சாற்றுப் புட்டியைத் திறந்துவிட்டார். வேறு சில வீடுகளில் பற்பசை. இரண்டும் வேண்டாம், பனிக்கட்டியும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். இருபது நிமிடம் நீண்ட நேரம். பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும், அழும். கதை சொல்லிக்கொண்டே பிடித்திருங்கள். காயம் பிள்ளையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, முகத்திலோ மூட்டிலோ பட்டிருந்தாலோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிலி பாடி

சம்பல் எனும் காரத் துவையலுக்கு இந்தச் சிறிய கார மிளகாயைக் கிள்ளும் முன் பிள்ளையின் விரல்களில் எண்ணெய் தடவுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். காரம் எண்ணெயில் கரையும். வெறும் தண்ணீருக்கு அசையாது.

எல்லாவற்றையும் பொட்டலத்தில் வாங்குவது

பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் வசதியானது, நானும் வாங்குவேன். ஆனால் தேங்காயைத் துருவி, வெந்நீர் விட்டுப் பிழிந்து, முதல் பால் கெட்டியாகவும் இரண்டாம் பால் நீர்த்தும் வருவதைத் தன் கையால் உணர்ந்த பிள்ளைக்குக் குழம்பில் எதை முதலில் ஊற்றுவது என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை பிள்ளைகளைச் சௌரஸ்தா சந்தைக்கு அழைத்துப் போகிறேன். 1890இல் தொடங்கிய சந்தை. நாற்சந்தி என்பதுதான் பெயரின் பொருள். மீன் வரிசையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க மகள் அங்கேதான் கற்றுக்கொண்டாள். திரும்பும்போது சாதிக்காய் ஊறுகாய் ஒரு பொட்டலம். ஜார்ஜ்டவுனிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் பஸ்ஸிலேயே அது தீர்ந்துவிடும்.

கைப்பேசியில் படம் எடுப்பது

வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள்.

பாத்திரங்களை நாமே கழுவிவிடுவது

“போய் விளையாடு, நான் கழுவிக்கொள்கிறேன்” என்று பலகாலம் நானும் சொல்லி வந்தேன். சமைக்கும்போது கவனமெல்லாம் அடுப்பில் இருக்கும், பேச்சுக்கு இடமிருக்காது. கழுவும்போதுதான் பிள்ளைகள் வாய் திறப்பார்கள். எங்கள் வீட்டில் மகள் தேய்ப்பாள், நான் அலசுவேன், மகன் துடைத்து அடுக்குவான். வானொலியில் மின்னல் எஃப்எம் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு நாள், உரலின் அச்சுத் துளைகளில் காய்ந்த மாவை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டே மகன் கேட்டான்: “அந்த ழவையும் உருட்டிவிட்டீர்களா அப்பா?”

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் உரலைத் துடைத்து என் கையில் கொடுத்தான். அந்த ஆண்டு முதல் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் முதல் முறுக்கை அவன்தான் பிழிகிறான். எந்த எழுத்து என்பதை முன்கூட்டிச் சொல்வதில்லை.