வரிசை வீட்டில் அடுப்படியை நீட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) இப்போது எந்தச் சந்தில் நுழைந்தாலும் ஏதாவது ஒரு வாசலில் மணலும் செங்கல்லும் குவிந்து கிடக்கின்றன. தோட்ட நிர்வாகம் தந்த லயத்து வீட்டில் பிறந்து, தோட்டத்தில் உழைத்து, 55 வயதில் கைக்கு வந்த ஊழியர் சேமநிதிப் பணத்தில் வீட்டைப் பெரிதாக்குகிறவர்கள் பலர். அந்தப் பணம் இன்னொரு முறை வராது. குத்தகை எடுத்து வீடு கட்டித் தரும் தொழிலில் இருக்கும் எனக்கு, பழைய தவறுகளையே புதியவர்கள் திரும்பச் செய்வதைக் காணும்போது வயிறு எரிகிறது.

அனுமதி வாங்குங்கள், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவு எழுத்துபூர்வ அனுமதியைக் கட்டாயமாக்குகிறது என்பதை வரைபடம் போட்டுத் தருகிறவரே சொல்லிவிடுவார். அவர் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது பக்கத்து வீட்டைப் பற்றித்தான். லயத்தில் நடுச்சுவர் தோட்ட நிர்வாகத்தின் சொத்து. ஒழுகினால் தோட்ட எழுத்தரான கிராணியிடம் சொன்னால் போதும். தாமானில் அந்தச் சுவரின் நடுவே எல்லைக்கோடு ஓடுகிறது. இரண்டு பட்டா, இரண்டு உரிமையாளர்கள். கேட்பாரற்றுக் கிடப்பது நடுவில் உள்ளதுதான்.

இரண்டு சுவர்களுக்கு நடுவே விடும் சந்து

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான். வீட்டின் பின்புறம் திறந்தவெளி. முதலில் ஒருவர் அடுப்படியை நீட்டி, எல்லையை ஒட்டித் தன் பக்கத்தில் நாலரை அங்குலச் சுவர் எழுப்புகிறார். சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்து வீட்டுக்காரர் அதை ஒட்டி இன்னொரு நாலரை அங்குலச் சுவர் எழுப்புகிறார். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஒரு சந்து. இரண்டாவது சுவரின் வெளிமுகத்தை யாராலும் பூச முடியாது. கொத்தனார் உள்ளே நின்றுகொண்டே கல் அடுக்குகிறார். கலவை நிரம்பாத இணைப்புகள் அப்படியே திறந்து கிடக்கின்றன. மேலே கூரைத் தகரம் சுவர் விளிம்போடு நின்றுவிடுகிறது. மழைநீர் நேராகச் சந்துக்குள் இறங்குகிறது.

நான் பார்க்கப்போன ஒரு வீட்டில், அடுப்படி அலமாரியின் பின்பலகை ஊறி அப்பளம்போல் உப்பியிருந்தது. முழங்கால் உயரத்தில் சாயம் கொப்புளித்து, தொட்டால் உப்புப் பொடியாக உதிர்ந்தது. அந்த வீட்டு அம்மா, "பக்கத்துக் குளியலறைக் குழாய்தான் ஒழுகுகிறது" என்றார். பக்கத்து வீட்டுக்காரரோ, "இவர்கள் கட்டிய பிறகுதான் எங்கள் சுவர் நனைகிறது, அண்ணே" என்றார். கோயில் திருவிழாவில் ஒன்றாக நின்று அன்னதானம் பரிமாறியவர்கள், ஒருவர் வாசலை ஒருவர் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்கள். துணிக்குப் போடும் நீலத்தை வாளித் தண்ணீரில் கரைத்து, ஏணி வைத்து ஏறி அந்தச் சந்துக்குள் ஊற்றச் சொன்னேன். மாலைக்குள் இரண்டு அடுப்படிகளிலும் நீலக்கறை படர்ந்தது. குழாய் ஒழுகவே இல்லை.

பிறகு நடந்தது எல்லாம் செலவு. அலமாரியைக் கழற்றி, ஓடுகளைப் பெயர்த்து, சுவர் காயும்வரை வெளியே அடுப்பு வைத்துச் சமைத்தார்கள். கட்டும்போதே இரண்டு சுவர்களையும் சேர்த்து மூடும்படி வளைத்த தகரம் ஒன்றைப் போட்டிருந்தால், அலமாரிக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குகூட ஆகியிருக்காது. ஆனால் அந்தத் தகரத்தை இரு சுவர்களிலும் ஆணியடித்துப் பொருத்த வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் அது முடியாது.

1984ஆம் ஆண்டின் சீர்மைக் கட்டட உபவிதிகள் இதை முன்பே யோசித்திருக்கின்றன. பொதுச்சுவர் வெவ்வேறு காலத்தில் கட்டப்பட்டால், தலா 100 மில்லிமீட்டருக்குக் குறையாத இரண்டு அடுக்குகளாக இருக்கலாம். அந்தச் சுவர் கூரைக்கு மேலே குறைந்தது 230 மில்லிமீட்டர் எழும்பி நிற்க வேண்டும். தீ ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்குத் தாவாமல் இருக்க வந்த விதி அது. அந்த உயரம் இருந்தால்தான் தகர மூடியும் ஒழுங்காக உட்காரும். நான்கு வரிசைக் கல்லை மிச்சம் பிடிக்க அதையும் வெட்டிவிடுகிறார்கள்.

இரு வீட்டாரும் ஒரே நேரத்தில், ஒரே கொத்தனாரை வைத்து, எல்லைக்கோட்டை நடுவில் விட்டு ஒன்பது அங்குலச் சுவராக எழுப்புவதே சிறந்தது. பக்கத்து வீட்டாரிடம் இப்போது பணம் இல்லையென்றால், சுவரை நீங்களே முழுதாகக் கட்டி, அவர் பயன்படுத்தும்போது பாதிச் செலவைத் தருவதாக எழுதி வாங்குங்கள். சந்துக்குள் சிமெண்டுக் கலவையை ஊற்றி அடைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பாதியில் சிக்கி, தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும்.

மண்ணுக்குக் கீழே எல்லை தாண்டுவது

எல்லையில் தூண் நிறுத்தி, அதன் நடுவில் மூன்றடிச் சதுர அடித்தளம் போட்டால், அதில் பாதி பக்கத்து நிலத்துக்குள் போய்விடுகிறது. மண்ணை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. அவர் கட்டத் தோண்டும் நாளில் உங்கள் கான்கிரீட் அவருடைய மண்வெட்டியில் தட்டும். தேசிய நிலச் சட்டத்தின் 44ஆவது பிரிவு, உரிமையாளருக்குத் தன் நிலத்தின் மேலுள்ள வெளியிலும் கீழுள்ள மண்ணிலும் நியாயமான அளவு உரிமை தருகிறது. தூணை விளிம்பில் தாங்கி, உள்தூணோடு உத்திரத்தால் கட்டும் அடித்தளத்தைப் பொறியாளரிடம் கேளுங்கள்.

இந்த வட்டாரத்தில் பழைய ஈயக்குட்டை நிலங்கள், அதாவது ஈயம் தோண்டியெடுத்த நிலங்கள், நிறைய. புதுப்பகுதி பழைய வீட்டைவிட வேகமாக இறங்கும். இரண்டையும் இறுக்கிக் கட்டாமல் நடுவே அசைவுக்கு இடம்தரும் ஓர் இணைப்பு இடைவெளி விடுங்கள். இறுக்கிக் கட்டினால், விரிசல் நடுச்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும்.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவரிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது

செல்லாது. பட்டாவில் பெயர் உள்ளவர் கிள்ளானில் இருந்தாலும் தேடிப் போங்கள்.

இடிக்கும் முன் படமெடுக்காமல் விடுவது

பக்கத்து வீட்டில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை, அவரையும் உடன் நிறுத்திக்கொண்டு படமெடுங்கள். இருவரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

கூரையோர மழைநீர்ப் பீலியைப் பக்கத்து வீட்டுப் பக்கம் சாய்ப்பது

கூடவே கூடாது.

தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுவது

மேற்குக் கரையில் மழை கொட்டும் மாதங்களே அக்டோபரும் நவம்பரும். அப்போது கூரையைப் பிரித்தால் நனைவது உங்கள் வீடு மட்டுமன்று. கூரை வேலையை ஜூன், ஜூலையிலோ பிப்ரவரியிலோ வைத்துக்கொள்ளுங்கள்; எந்த நாளில் பிரிக்கப்போகிறீர்கள் என்பதை இரண்டு பக்க வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.